கயிறு அறியாத மான்

மழை ஒரு பகல் முழுக்கப் பெய்தது. அது மழைக்கான மாதம் இல்லை. சூரியன் போய்விட்டிருந்தது. ஆறுகள் உறைந்துவிட்டிருந்தன. மறுநாள் குளிர் திரும்பி வந்து, நனைந்த பனியைக் கண்ணாடியாக்கிவிட்டது.

அன்றிலிருந்து மான்களுக்குத் தீனி இல்லை.

சவானே கூடார வாசலில் நின்று பார்த்தாள். உச்சிப்பொழுதின் நீல வெளிச்சத்தில் அடிவானம் வரை துந்திரா மின்னியது. மந்தை தலை குனிந்து முன்குளம்பால் தரையைக் கொத்திக்கொண்டிருந்தது. வெறும் பனி என்றால் நாலு கொத்தில் வெள்ளைப்பாசி வந்துவிடும். இப்போது குளம்பு வழுக்கியது. தூரத்தில் யாரோ பீங்கான் உடைப்பது போலச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சில மான்களின் முன்னங்கால்களில் ரத்தம் உறைந்திருந்தது. நாயின் பாதங்களும் கிழிந்துபோய், அது உள்ளே அடுப்போரம் படுத்து நக்கிக்கொண்டிருந்தது.

வெண்மூக்கி மட்டும் கொத்தவில்லை. நேராக வாசலுக்கு வந்து அவள் இடுப்புப் பையில் மூக்கை நுழைத்தது. கழுத்து மணி ஆடியது.

"ஒண்ணுமில்ல, போ."

போகவில்லை. சவானே ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மற்ற மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

அது அவ்கா. தாயில்லாமல் கூடாரத்துக்குள் வளர்கிற மானை அப்படித்தான் சொல்வார்கள். தாயை ஓநாய் அடித்தபோது வெண்மூக்கிக்கு எழுந்து நிற்கக்கூடத் தெரியாது. சவானே மீன் கஞ்சியைத் தன் விரலில் தொட்டு ஊட்டினாள். மகன் இல்கோவுக்கும் நாய்க்கும் நடுவே அது தூங்கியது. மூடுபனியில் தொலைந்துவிடக்கூடாது என்று இல்கோதான் மணி கட்டினான். இப்போது அவன் குடியிருப்பில், பள்ளி விடுதியில் இருக்கிறான். வெண்மூக்கி கொம்பு முளைத்த பெரிய மானாகிவிட்டது. மணி போகும் பக்கம் மந்தை போகப் பழகிவிட்டது.

அவ்காவைச் சறுக்குவண்டியில் பூட்டுவதில்லை. அறுப்பதில்லை. அதன் மேல் சுருக்குக்கயிறு வீசுவதும் இல்லை. கூப்பிட்டால் வருகிற மானுக்குக் கயிறு எதற்கு?

பனிமோட்டாரின் சத்தம் நெருங்கி வந்து நின்றது. எதெய்கோ இறங்கினான். சவானேயின் கொழுந்தன், இன்னும் கல்யாணம் ஆகாதவன். கூடாரத்தின் தோல் கதவை முழங்காலால் இடித்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. மழையில் ஊறிய தோல்கள் பலகையாக இறுகியிருந்தன.

"உங்க மக வெண்மூக்கி வந்துட்டாளா அண்ணி?"

"உனக்கு முன்னாடியே வந்துட்டா."

"வருவா. நான் மோட்டாரைத் திருப்பறதுக்குள்ள அவ திரும்பிட்டா. பின்னாலயே மொத்தக் கூட்டமும், கல்யாண ஊர்வலம் மாதிரி. கடைசியில பெட்ரோல் நாத்தத்தோட நான்."

உள்ளே படுத்திருந்த அவள் கணவன் ஹத்கோ சிரித்தான். சிரிப்பு முழங்காலுக்குப் போனதும் நிறுத்திக்கொண்டான். மழைக்கு மறுநாள் வண்டிமான்களைப் பிடிக்க ஓடி வழுக்கி விழுந்திருந்தான். கால் தொடை வரை வீங்கியிருந்தது. இரண்டு பக்கமும் கட்டை வைத்துச் சவானே கட்டியிருந்தாள்.

"மேட்டுல தீனி இருக்கா இல்லையா, அதைச் சொல்லு" என்றான்.

"இருக்குங்கறேன். அங்க மழைக்கு முன்னாடியே காத்து பனியை வழிச்சுட்டுப் போயிருக்கு. தண்ணி தங்கல, ஓடிருச்சு. என் குதிகாலால உடைச்சேன், பாசி வந்துச்சு. ரெண்டு தடவை ஓட்டிட்டுப் போனேன். ரெண்டு தடவையும் தின்ன ஆரம்பிச்சுதுங்க. அப்புறம் இந்த மகாராணிக்கு ரொட்டி ஞாபகம் வந்துருச்சு."

"மணி வாயில ஏதாவது அடைச்சிருக்கலாமே" என்றான் ஹத்கோ.

"இன்னைக்கு அடைச்சுத்தான் விட்டேன். சத்தமே இல்லாம வந்துதுங்க. இப்ப மணி எதுக்கு? அவ வாலைப் பார்த்தா போதும்."

சவானே தேநீரை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். அவன் குடிக்கவில்லை.

"கழுத்தை அறுத்துடலாம்."

நாய் நக்குவதை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கியது.

"அவ்காவை யாரும் அறுக்கறதில்லை" என்றான் ஹத்கோ.

"மந்தை மொத்தமும் செத்தா? அதுக்கு ஏதாவது வழக்கம் வெச்சிருக்கோமா? மந்தை வெச்சிருந்த யாப்திக்கைப் பார்த்தீங்கல்ல. மான் போச்சு, குடியிருப்புக்குப் போனான். இப்ப பாய்லர் ரூம்ல காவல். ஒரு கொம்பைச் சுவத்துல மாட்டி வெச்சிருக்கான், தொப்பி தொங்கவிட."

"தேத்தண்ணி ஆறுது தம்பி" என்றாள் சவானே.

"நாமளும் போலாம் அண்ணி. ஒரு ரூம் குடுப்பாங்க. ஜன்னலைத் திறந்தா எதிர்ல சுவர். இல்கோ ஹாஸ்டல்லேர்ந்து நடந்தே வந்துடுவான். நீங்க டிவி பார்த்துக்கிட்டு, அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு."

"நீ என்ன பண்ணுவே?"

"குடிப்பேன்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தான். இருந்த பெட்ரோல், வியாபாரக் கிடங்கு வரை போகத்தான் போதும். அங்கே வாங்கித்தான் திரும்ப வேண்டும். மாவும் வாங்கி வருவான். இந்தப் பனிக்கட்டியில் எத்தனை நாளாகும் என்று அவனுக்கே தெரியவில்லை.

வாசலில் திரும்பி நின்றான். "நான் வரும்போது அவ இங்க இருந்தா, நானே செஞ்சுடறேன். நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. அதுவரைக்கும் மத்ததுங்க நின்னா சரி."

மோட்டார் சத்தம் வெகுநேரம் கேட்டது. பனிக்கட்டியின் மேல் சத்தம் தேயாது.

அதற்குப் பிறகு கூடாரம் இன்னும் சின்னதாகிவிட்டது. புகை மேலே போகாமல் திரும்பித் தலைக்கு வந்தது. ஹத்கோ உச்சித் துவாரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான். வேறு இடம் நகர்வதைப் பற்றி யாரும் பேசவில்லை. தோல்களை மடித்தால் ஒடியும். வண்டிகளின் சறுக்குக் கட்டைகள் தரையோடு ஒட்டிவிட்டன. கோடாலி வேண்டும், அதை வீச இரண்டு கால் உள்ள ஆள் வேண்டும்.

வண்டிமான்கள் நான்கும் கூடாரத்தின் பின்னால் கட்டியிருந்தன. சவானே ஓடையோரம் போய்க் குட்டைப்புதர்க் குச்சிகளை வெட்டி வந்து போட்டாள். மீன் தலைகளைப் போட்டாள். ஒன்று படுத்துக்கொண்டது. காதைப் பிடித்து இழுத்த பிறகும் எழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விலாவில் கை வைத்தாள். எலும்பு எலும்பாகக் கைக்கு வந்தது.

மந்தையிலும் ஒரு கன்று விழுந்திருந்தது. அண்டங்காக்கைகள் அதற்கு முன்னாலேயே வந்து காத்திருந்தன. கொஞ்சம் தள்ளி ஒரு பனிநரி, வீட்டுக்கு வந்த விருந்தாளி போல வாலைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

அவள் உள்ளே வந்தாள்.

"இல்கோப்பா."

"ம்."

"நான் நடந்தா அவ என் பின்னால வருவா."

ஹத்கோ தலையைத் திருப்பினான்.

"மேட்டுக்கு நான் கூட்டிட்டுப் போறேன். மத்ததுங்க அவ பின்னால வரும்."

"வரும். நீ திரும்பினா அவளும் திரும்புவா. எதெய்கோவுக்கு ஆனதுதான்."

"அவன் மோட்டார்ல துரத்தினான். நான் கூட்டிட்டுப் போறேன்."

"போய்ட்டு அங்கயே குடியிருக்கப் போறியா?"

அவள் அடுப்பில் குச்சி போட்டாள். பிறகு சொன்னாள்:

"வண்டிமானுங்களையும் அவுத்துடலாம்."

"என்ன?"

"கட்டிப்போட்டா இங்கயே சாகும்."

"அவுத்துட்டா?" ஹத்கோ முழங்கையை ஊன்றி எழப் பார்த்தான். "அவுத்துட்டா நாம எதுல நகர்றது? பெட்ரோலை நம்பியா? அவன் வரலேன்னா? மாவு தீர்ந்தா? மான் இல்லாம இந்த வெளியில உக்கார்றதும் ஐஸுக்கு அடியில உக்கார்றதும் ஒண்ணு."

"படுத்துக்கிச்சு ஒண்ணு" என்றாள்.

"எது?"

"இடது ஓரம்."

இடது ஓர மான்தான் வண்டியை நடத்துவது. ஹத்கோ பல வருஷம் பழக்கியது. அவன் மறுபடி படுத்தான். கொஞ்ச நேரம் உச்சித் துவாரத்தைப் பார்த்தான். பிறகு புரண்டு, கைகளை ஊன்றி, கட்டிய காலை இழுத்துக்கொண்டு வாசலுக்குத் தவழ்ந்தான். அவள் தோள் கொடுக்கப் போனாள்.

"விடு" என்றான்.

பனிக்கட்டியின் மேல் வயிற்றால் நகர்ந்து கூடாரத்தைச் சுற்றிப் போனான். கட்டுகளை அவனே அவிழ்த்தான். முடிச்சு உறைந்திருந்த இடத்தில் பல்லால் கடித்தான். இடது ஓர மானின் நெற்றியில் நெற்றியை வைத்து ஏதோ சொன்னான். கடைசியில் அது எழுந்தது.

திரும்ப உள்ளே வந்ததும் சுருட்டி மாட்டியிருந்த சுருக்குக்கயிற்றை வண்டியோட்டும் கழியால் தட்டிக் கீழே தள்ளினான்.

"இதையும் எடுத்துட்டுப் போ."

"எனக்கெதுக்கு அது?" ஆண்களின் கயிற்றைப் பெண்கள் கையில் எடுப்பதில்லை. தரையில் கிடந்தால் சுற்றிக்கொண்டு போவார்களே தவிர, தாண்டுவதில்லை.

"மேட்டுல ஏதாவது புதர்ல அவளைக் கட்டிப் போட்டுட்டு வா. எதெய்கோ வந்ததும் பார்த்துக்கலாம்."

"கட்டிப்போட்டா ஓநாய்க்குக் குடுத்த மாதிரி."

"எதெய்கோ கத்திக்குக் குடுக்கறதுக்கு அது தேவலையே." கண்களை மூடிக்கொண்டான். "எடுத்துட்டுப் போ இல்கோம்மா. தாண்டிடாத."

மறுநாள் அடிவானம் கொஞ்சம் வெளுத்ததும் கிளம்பினாள். இடுப்புப் பையில் ரொட்டி. தோளில் கயிறு. கையில் வண்டியோட்டும் நீளக் கழி. எதெய்கோ மணி வாயில் அடைத்திருந்ததை எடுத்துவிட்டாள். வெண்மூக்கி கேட்காமலே பின்னால் வந்தது. மணி ஒலித்தது. மந்தை தலையைத் தூக்கியது, யோசித்தது, ஒவ்வொன்றாக நகர்ந்தது. வண்டிமான்கள் கடைசியில் வந்தன.

காற்று இல்லை. பாதணியின் அடியில் ரோமம் இருந்தும் வழுக்கியது. கழியை ஊன்றி ஊன்றி நடந்தாள். ஏரியா, நிலமா என்று பிரிக்க முடியவில்லை. எல்லாம் ஒரே கண்ணாடி. ஒரு புதர்க்காட்டின் ஓரத்தில், காலடியில், வெள்ளையாக ஏதோ தெரிந்தது. குனிந்தாள். பனிக்கோழி. குளிருக்குப் பனியில் குழி தோண்டிப் படுத்திருக்கிறது. மேலே மழை பெய்து, மூடி இறுகிவிட்டது. உள்ளிருந்து கொத்திய இடத்தில் பனிக்கட்டி வெள்ளையாகக் கீறியிருந்தது. ஒரு கண் திறந்திருந்தது.

கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

வெண்மூக்கி அந்த இடத்தை முகர்ந்துவிட்டு, ரொட்டி இல்லை என்று தெரிந்ததும் அவள் பையை முட்டியது.

இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டாள். திரும்பும்போது எடுத்துப் போகலாம்.

மேடு நெருங்க நெருங்க காற்று வந்தது. நல்ல காற்று, பல்லைக் கூசவைக்கிற காற்று. கால் வழுக்குவது நின்றது. கழியால் குத்தினாள். மெல்லிய ஓடு நொறுங்கியது. அடியில் சாம்பல் வெள்ளையில் பாசி. ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள். கோடை மாதிரி இருந்தது.

பின்னால் குளம்புகள் வேலையைத் தொடங்கின. பீங்கான் சத்தம் இல்லை. பொருக்கு உதிர்கிற சத்தம். மான்கள் முகத்தைக் குழிக்குள் விட்டு எடுக்காமல் தின்றன. இடது ஓர மானும் தின்றது. வெண்மூக்கிகூடக் கொத்திப் பார்த்தது, தின்றது.

சவானே ஒரு பாறை மறைவில் உட்கார்ந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளிச்சம் நீலமாகி, நீலம் கனக்கத் தொடங்கியது. கூடாரத்தில் அடுப்பு அணைந்திருக்கும். குச்சி எடுக்கக்கூட அவன் தவழ வேண்டும்.

வெண்மூக்கி குழியில் தலையை விட்டிருந்தது. அவள் சத்தமில்லாமல் எழுந்தாள். பாறையைச் சுற்றி இறங்கினாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

மணி.

திரும்பினாள். வெண்மூக்கி சரிவில் ஓடி வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இரண்டு மான்கள் தலையைத் தூக்கின. பிறகு ஐந்தாறு. பிறகு எல்லாம். தின்றுகொண்டிருந்த வாயோடு, பாசி தொங்க, அவை நடக்கத் தொடங்கின.

"போ! மேல போ!"

அது வந்து பையை முட்டியது.

கழியால் முகத்தில் அடித்தாள். ஒரு அடி பின்வாங்கி, விளையாட்டு என்று நினைத்துத் தலையை ஆட்டியது. மணியும் ஆடியது. மந்தை நெருங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் கண்ணாடி ஆரம்பிக்கும்.

கட்டிப்போட ஒரு புதர் இருந்தது. அதைப் பார்த்தாள். அங்கே அது ஒரு ராத்திரி நிற்கும், அல்லது இரண்டு. மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஓநாய்க்குக் காது உண்டு.

இடுப்பில் கத்தியும் இருந்தது. அதை அவள் தொடவில்லை.

தோளிலிருந்து கயிற்றை இறக்கினாள். மற்ற மான்கள் அதைப் பார்த்த உடனே நின்றன. இரண்டு விலகி ஓடின. கயிறு என்றால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் தெரியும். வெண்மூக்கி கயிற்றை முகர்ந்து பார்த்தது.

அவளுக்கு வீசத் தெரியும். பெரிய மனுஷியாவதற்கு முன்பு, வண்டியில் செருகிய கொம்பின் மேல் வீசி விளையாடியிருக்கிறாள். ஆனால் வீச வேண்டியிருக்கவில்லை. இடது கையால் ரொட்டியை நீட்டினாள். அது தின்றது. வலது கையால் சுருக்கைக் கொம்பில் மாட்டினாள்.

பிறகு ஓடினாள். கயிறு தீர்ந்ததும் குதிகாலை ஊன்றி, முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுத்தாள்.

வெண்மூக்கி இழுக்கவில்லை. அவள் பக்கம் வரப் பார்த்தது. கழுத்து முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தது. அவள் கயிற்றைப் பிடித்தபடியே போய், ஆண்கள் அறுக்கும்போது செய்வது போல, கழுத்தில் முழங்காலை வைத்து அமுக்கினாள். காதுக்குள் கத்தினாள். அப்படி ஒரு குரல் தனக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது. கழியால் விலாவில் அடித்தாள். அது காலை உதைத்தது. கண் பெரிதாகி, வெள்ளை தெரிந்தது. மூச்சு அவள் முகத்தில் பட்டது. ரொட்டி வாசம்.

மணியின் வாரைக் கத்தியால் அறுத்தாள். சுருக்கைத் தளர்த்தி விட்டாள்.

வெண்மூக்கி எழுந்தது. நடுங்கியது. கொஞ்ச தூரம் ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தது.

ஒரு அடி எடுத்து வைத்தது. அவளை நோக்கித்தான்.

சவானே அழவில்லை. அழுதால் கண் உறைந்து ஒட்டிக்கொள்ளும். கயிற்றைச் சுருட்டித் தலைக்கு மேல் சுழற்றி வீசினாள். கயிறு காற்றில் சீறியது.

அந்தச் சத்தத்துக்கு வெண்மூக்கி பாய்ந்தது. மற்ற மான்கள் பாய்வது போலவே, காதை மடக்கிக்கொண்டு, குட்டை வாலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. மந்தை அதைச் சுற்றி வளைந்து மேட்டை நோக்கி ஏறியது. கொம்புகளுக்குள் கொம்பாக அது கலந்துவிட்டது. எது வெண்மூக்கி என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

காற்றில் குளம்புகளின் சத்தம் கேட்டது. பிறகு கொத்துகிற சத்தம் தொடங்கியது.

தரையில் நீண்டு கிடந்த கயிற்றைச் சுருட்டும்போதுதான் கவனித்தாள். அவள் காலடித் தடம் கயிற்றின் இரண்டு பக்கமும் இருந்தது.

கூடாரத்துக்கு வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. ஹத்கோ நாயைக் கட்டிக்கொண்டு தோலுக்குள் சுருண்டிருந்தான். அவள் தணலைக் கிளறி ஊதினாள். பை நிறைய இருந்த பனிக்கோழிகளை இறக்கிவைத்தாள். அவை கல் போல ஒன்றோடொன்று இடித்தன.

"தின்னுதா?" என்றான்.

"தின்னுது."

"இடது ஓரம்?"

"அதுவும்."

மணிச் சத்தத்துக்குக் காது கொடுத்தான். வெளியே ஒன்றும் இல்லை. பனிக்கட்டி எங்கோ விரிசல் விட்டது, அவ்வளவுதான்.

"கட்டிப் போட்டியா?"

அவள் மான் கொழுப்பில் ஒரு துண்டைத் தணலில் போட்டாள். புகை கிளம்பியதும் சுருட்டிய கயிற்றை அதன் மேல் பிடித்தாள். ஒரு பக்கம் காட்டினாள், திருப்பி மறுபக்கம் காட்டினாள். தீட்டுப்பட்ட பொருளுக்குத்தான் அப்படிச் செய்வார்கள்.

ஹத்கோ பார்த்துக்கொண்டிருந்தான். கயிற்றில் முறுக்கிக்கொண்டிருந்த மயிரைப் பார்த்தான். வெள்ளை மயிர். கை நீட்டிக் கயிற்றை வாங்கி, தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டான்.

"எதெய்கோ வந்தா என்ன சொல்றது?"

"அவ இல்லன்னு சொல்லலாம்."

"வசந்தத்துல தேடிப் போவோம். மத்ததைப் பிடிச்சுடலாம். அவளை?"

"கயிறு போட்டுப் பிடிக்கணும்" என்றாள் சவானே.

நாய் எழுந்து வாசல் வரை நொண்டிப் போய், இறுகிய தோலை முகர்ந்து, காத்திருந்துவிட்டுத் திரும்பி வந்து படுத்தது.

பையின் அடியில் ரொட்டி மிச்சம் இருந்தது. அவள் அதை எடுத்து இரண்டாக ஒடித்து, ஒன்றை அவனுக்குக் கொடுத்தாள். மற்றதைத் தின்றாள். மென்று முடிக்க நேரமானது.